வீழ்த்தலின் விலை: அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் தாக்குதல் பயிற்சியின் வரலாறு

மல்யுத்தத்தில் இருவரும் நின்று மோதும்போது, ஒருவர் மற்றவரைத் தரைக்குக் கொண்டுவந்து தம் பிடிக்குள் வைத்துக்கொள்வது டேக்டவுன் எனப்படுகிறது. தமிழில் இதை வீழ்த்தல் என்று கூறலாம். எதிராளியின் தோள்களைத் தரையில் அழுத்தி ஆட்டத்தையே முடித்துவிடும் ‘பின்’ என்பது வேறு. வீழ்த்தல் ஆட்டத்தை முடிப்பதில்லை, புள்ளி மட்டுமே தருகிறது. ஆனாலும் இன்று பல பெரிய ஆட்டங்களின் முடிவு அந்தப் புள்ளிகளில்தான் தங்கியுள்ளது.

வீழ்த்த முயல்பவருக்கு ஓர் ஆபத்து உண்டு. எதிராளியின் காலைப் பிடிக்கப் பாயும்போது அவர் தமது தலையையும் கழுத்தையும் எதிராளியின் மார்புக்கு அடியில் கொண்டுபோய் வைக்கிறார். பிடி தவறினால் எதிராளி சுற்றிப் பின்பக்கம் வந்து அதே புள்ளியைத் தாம் எடுத்துக்கொள்வார். அதாவது, காத்திருப்பவர் பணயம் வைப்பது குறைவு. பாய்பவர் வைப்பது அதிகம். அப்படியிருக்க ஒருவர் ஏன் பாய வேண்டும்? மல்லரைத் தாக்கவைப்பது எப்படி என்பது பயிற்சியாளர்களின் பழைய கேள்வி. அமெரிக்கக் கல்லூரிகளில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இதற்கு விடை தேடப்பட்டு வருகிறது. விடைகளில் பாதி பயிற்சிக் கூடங்களிலிருந்து வந்தன, மறு பாதி விதிப்புத்தகத்திலிருந்து வந்தது.

மல்யுத்தம் ஆடாத பயிற்சியாளர்

அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தப் பயிற்சியின் முன்னோடியாகக் கருதப்படும் எட்வர்டு கல்லகர், தாம் ஒருபோதும் போட்டி மல்யுத்தம் ஆடியவர் அல்லர். ஓக்லகோமா வேளாண் மற்றும் இயந்திரவியல் கல்லூரியில் பொறியியல் படித்தவர். கால்பந்தும் ஓட்டமும்தான் அவருடைய விளையாட்டுகள். 1916 முதல் 1940 வரை அதே கல்லூரியின் மல்யுத்த அணிக்குப் பயிற்சி அளித்தார். அக்கல்லூரியே இன்றைய ஓக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகம் ஆகும். நெம்புகோல், சமநிலை, எடையின் மையம் ஆகிய பொறியியல் கருத்துகளைக் கொண்டு அவர் பிடிகளை ஆராய்ந்தார். எந்த மூட்டில் எந்தத் திசையில் விசை கொடுத்தால் எதிராளியின் பாதம் தரையை விட்டு எழும் என்று பகுத்துப் பார்த்துப் பாடமாக்கினார்.

ஒரு கலையைச் செய்து அறியாதவர் அதைக் கற்பிக்க முடியுமா என்று நம் ஊர்ச் சிலம்ப ஆசான்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். கல்லகர் கற்பித்தார். அவருடைய அணி 138 இருதரப்புப் போட்டிகளில் வென்று, 5இல் மட்டுமே தோற்றது. 4 போட்டிகள் சமநிலையில் முடிந்தன. 1928இல் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் நடந்த முதல் தேசியக் கல்லூரிப் போட்டியில் முன்னிலை பெற்றதும் அவருடைய அணியே. கைமாறி வந்த வித்தையாக இருந்த ஒன்று, பகுத்து விளக்கி வரிசைப்படுத்திக் கற்பிக்கக்கூடிய பாடமாக மாறியது அவருடைய காலத்தில்தான்.

ஆனால் கல்லகர் காலத்து ஆட்டத்தில் வீழ்த்தலுக்கு என்று தனி மதிப்பு இருக்கவில்லை. பின் கிடைக்காத ஆட்டங்களில், எதிராளியை யார் அதிக நேரம் கீழே வைத்திருந்தார் என்ற நேரக் கணக்கும் நடுவரின் தீர்ப்பும் வெற்றியை முடிவு செய்தன. ஒருமுறை வீழ்த்திவிட்டு மேலேயே அமர்ந்திருந்தால் போதும். மீண்டும் எழுந்து மீண்டும் பாய எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

இரண்டும் ஒன்றும்

இதை மாற்றியவர் கல்லகருக்குப் பின் அதே கல்லூரியில் பொறுப்பேற்ற ஆர்ட் கிரிஃபித். அவர் வகுத்த புள்ளி முறை 1941இல் கல்லூரிப் போட்டிகளுக்கு வந்தது. வீழ்த்தல், கீழிருந்து விடுபடுதல், கீழிருந்து மேலே வருதல், எதிராளியின் முதுகைத் தரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோதல் என ஒவ்வொன்றுக்கும் விலை குறிக்கப்பட்டது. இம்முறை பின்னர் பல திருத்தங்களைக் கண்டது. நிலைபெற்ற வடிவத்தில் வீழ்த்தலுக்கு 2 புள்ளி, விடுபடுதலுக்கு 1 புள்ளி. மேலே இருந்த நேரத்துக்கான பழைய கணக்கும் முற்றிலும் மறையவில்லை. ஒரு நிமிடத்துக்குக் குறையாத முன்னிலை இருந்தால் ஆட்ட முடிவில் 1 புள்ளி கிடைக்கும்.

இந்த இரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையிலான வேறுபாட்டில் ஒரு போர்முறை ஒளிந்திருந்தது. ஒருவரை வீழ்த்தி 2 புள்ளி பெற்ற பிறகு, அவரை வேண்டுமென்றே எழவிட்டால் அவருக்குக் கிடைப்பது 1. மீண்டும் வீழ்த்தினால் இன்னும் 2. ஒவ்வொரு சுற்றிலும் நிகர லாபம் 1. நின்ற நிலையில் தெளிவாக மேலோங்கி நிற்கும் மல்லருக்கு, எதிராளியைக் கீழே அழுத்திக்கொண்டு மல்லுக்கட்டுவதைவிட அவரை விடுவித்து மீண்டும் வீழ்த்துவது மலிவு. பிடித்து வைத்திருந்த ஆளை ஒருவர் கைதட்டி எழுப்பி விடுவதைக் கல்லூரி மல்யுத்தத்தை முதன்முறை பார்ப்பவர்கள் கண்டு குழம்புவது வழக்கம். அது பெருந்தன்மை அன்று, வெறும் கூட்டல் கழித்தல்.

ஆனால் இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் ஒரே ஆட்டத்தில் ஐந்து முறை, ஏழு முறை பாயக்கூடிய ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குவது பயிற்சியாளரின் வேலை ஆயிற்று.

ஒரு பாய்ச்சலைக் கற்பித்தல்

வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கால்பிடி ஒரே அசைவு போலத் தெரியும். பயிற்சியாளர் அதைப் பல துண்டுகளாக உடைக்கிறார். முதலாவது நிற்கும் முறை. முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து, தலை நிமிர்ந்திருக்க வேண்டும். அடுத்தது மட்டம் தாழ்த்துதல். புதிதாகக் கற்பவர் இங்கேதான் தவறுகிறார். முழங்காலை மடக்காமல் இடுப்பில் குனிந்து கையை நீட்டுவார். கை காலை எட்டும், ஆனால் உடல் பின்தங்கிவிடும். அப்போது எதிராளி தம் இரு கால்களையும் பின்னால் எறிந்து, இடுப்பின் முழு எடையையும் அவர் முதுகில் போட்டு நசுக்குவார். ஸ்ப்ரால் எனப்படும் இந்தத் தற்காப்புதான் பாதிப் பாய்ச்சல்களைக் கொல்கிறது.

மட்டம் தாழ்ந்த பிறகு, முன்காலை எதிராளியின் இரு பாதங்களுக்கு இடையே ஆழமாக வைத்து உள்ளே புகும் அடி. பிறகு பிடி: இரு கால்களையும் சேர்த்துப் பிடித்தால் டபுள் லெக், ஒரு காலை மட்டும் பிடித்தால் சிங்கிள் லெக். பிடித்துவிட்டால் போதாது. ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டு நிற்கும் எதிராளியைத் தரைக்குக் கொண்டுவருவது தனிப்பாடம். பள்ளி அளவில் நான்கைந்து பாய்ச்சல்களில் கால் கிடைத்தும் புள்ளி கிடைக்காமல் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று உண்டு. எதிராளியின் தலையைக் கீழே இழுத்தால் அவர் மேலே நிமிர்வார்; நிமிரும் கணத்தில் கால்கள் திறந்திருக்கும். மணிக்கட்டைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தால் எடை அந்தக் காலுக்கு மாறும். எடை ஏறிய காலை அவரால் உடனே பின்னுக்கு எடுக்க முடியாது. இத்தகைய கைச்சண்டை இல்லாத பாய்ச்சல் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் திருடப்போவது போன்றது.

அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் பலர் பாடத்தைப் பின்னிருந்து தொடங்குகிறார்கள். கற்பவரின் கையில் எதிராளியின் காலை முதலிலேயே கொடுத்துவிட்டு, அங்கிருந்து முடிக்கச் சொல்வார்கள். முடிக்கத் தெரிந்தவருக்குத்தான் பாயத் துணிவு வரும் என்பது இதன் தர்க்கம். இந்தக் கட்டுரையாளரின் பார்வையில், தாக்குதல் பயிற்சியில் உள்ள மிக எளிய, மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு இதுதான். பயம் உள்ள மல்லருக்கு வீர உரை உதவுவதில்லை. காலைப் பிடித்த பின் என்ன செய்வது என்ற ஐயம் நீங்கினால் பயத்தில் பாதி நீங்கிவிடும்.

அயோவாவின் அழுத்தம்

டான் கேபிள் அயோவா மாநிலத்தில் பிறந்து அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர். பள்ளி, கல்லூரி இரண்டிலும் சேர்த்து 181 வெற்றிகள், ஒரே தோல்வி. அந்தத் தோல்வி அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் வந்தது. 1970இல் நடந்த தேசிய இறுதியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸ் அவரை 13–11 என்று வென்றார். கேபிளோடு மோத வேண்டும் என்பதற்காகவே எடையைக் குறைத்து அந்தப் பிரிவுக்கு வந்தவர் ஓவிங்ஸ். அவர் தற்காத்து வெல்லவில்லை, ஆட்டம் முழுதும் பாய்ந்துகொண்டே இருந்தார். கடைசி நிமிடத்தில் முன்னிலையில் இருந்தவரை வீழ்த்தி, அதே அசைவில் முதுகையும் தரைக்கு நெருக்கமாகக் கொண்டுபோய் ஆட்டத்தை எடுத்துக்கொண்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மியூனிக் ஒலிம்பிக்கில் கேபிள் தம் ஆறு ஆட்டங்களிலும் எதிராளிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம் வென்றார்.

1976ஆம் ஆண்டு அயோவா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற கேபிள், 1997 வரை 21 பருவங்களில் 15 தேசியப் பட்டங்கள் பெற்றுத் தந்தார். அவற்றில் 1978 முதல் 1986 வரை தொடர்ச்சியாக ஒன்பது. நுணுக்கம் என்று பார்த்தால் அவருடைய அணியினர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. எவருக்கும் தெரிந்த சிங்கிள் லெக்கும் கைச்சண்டையும்தான். வேறுபாடு அளவில் இருந்தது. தொடக்க விநாடி முதல் எதிராளியின் தலையிலும் கையிலும் பாரம் ஏற்றுவது, ஓரத்துக்குத் தள்ளுவது, மூச்சுவிட இடம் தராமல் அடுத்தடுத்துப் பாய்வது. முதல் பகுதியில் தடுக்கப்பட்ட அதே பாய்ச்சல் கடைசிப் பகுதியில் பலித்துவிடும். ஏனென்றால் அப்போது எதிராளியின் கால்கள் பின்னால் எறியப்படுவதில்லை, இழுத்துக்கொண்டு நகர்கின்றன. தாக்குதல் இங்கே ஒரு பிடியின் பெயராக இல்லாமல் மூச்சுப் பயிற்சியின் விளைவாக மாறியது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கேபிள் பயிற்சியளித்த அமெரிக்க அணி ஃப்ரீஸ்டைல் பிரிவில் ஏழு தங்கம் வென்றது. அப்போட்டியைச் சோவியத் ஒன்றியம் புறக்கணித்திருந்தது என்பதையும் சேர்த்தே அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

குதிகாலைத் தேடிய ஒருவர்

ஓக்லகோமாவின் ஜான் ஸ்மித் வேறு வழியில் போனார். வழக்கமான சிங்கிள் லெக்கில் முழங்காலின் பின்புறம் பிடிக்கப்படும். ஸ்மித் இன்னும் கீழே, கணுக்காலையும் குதிகாலையும் நோக்கிப் பாய்ந்தார். லோ சிங்கிள் எனப்படும் இந்தப் பிடியில் தாக்குபவரின் உடல் ஏறக்குறைய தரையோடு தரையாக நீள்கிறது. இதன் நுட்பம் தூரத்தில் இருக்கிறது. ஸ்ப்ரால் செய்பவரின் ஆயுதம் அவருடைய இடுப்பு எடை. தாக்குபவர் இடுப்புக்கு நேர்கீழே இல்லாமல் பாதத்தின் அருகே இருந்தால், அந்த எடை விழுவதற்கு முதுகு கிடைப்பதில்லை. குதிகாலைப் பிடித்து, தோளைக் கணைக்காலில் சாய்த்தால் எதிராளி பின்னோக்கி உட்காருவதைத் தவிர வழியில்லை.

1987 முதல் 1992 வரை ஆறு ஆண்டுகள், நான்கு உலகப் பட்டங்களும் சியோல், பார்சிலோனா ஒலிம்பிக் தங்கங்களும் என, உலக அளவில் அவர் ஒவ்வோர் ஆண்டும் முதலிடம் பெற்றார். இன்ன பிடிதான் வரும் என்று எதிராளிகளுக்குத் தெரிந்திருந்தது, இருந்தும் வந்தது. அதற்குப் பின் அமெரிக்கப் பள்ளிகளில் எல்லாச் சிறுவர்களும் குதிகாலைத் தேடிப் பாய ஆரம்பித்தார்கள். பலருக்குப் பலிக்கவில்லை. எதிராளியின் எடையை முதலில் அந்தக் காலுக்கு மாற்றாமல் பாய்ந்தால், தாக்குபவர் தரையில் நீண்டு கிடக்க எதிராளி ஒரு தப்படியில் பின்னால் போய்விடுவார். ஸ்மித் 1991 முதல் 2024 வரை ஓக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராக இருந்து ஐந்து தேசியப் பட்டங்கள் வென்றார்.

1997

தாக்குதல் ஆட்டத்துக்கு வேண்டிய மூச்சை அழிக்கும் வழக்கம் ஒன்றும் இதே கூடங்களில் வளர்ந்திருந்தது. தம் இயல்பான எடையைவிடக் கீழான பிரிவில் ஆடுவதற்காக மல்லர்கள் உடலின் நீரை வற்ற வைத்தார்கள். ரப்பர் உடை அணிந்து, சூடேற்றிய அறையில் மிதிவண்டி ஓட்டி வியர்வை இறக்கினார்கள். 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில், சில வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மாணவர்கள் இப்படி எடை குறைக்கும்போது இறந்தனர். அதன் பிறகே ரப்பர் உடையும் சூடேற்றிய அறையும் தடை செய்யப்பட்டன. எடை பார்க்கும் நேரம் ஆட்டத்துக்கு நெருக்கமாக மாற்றப்பட்டது. பருவத்துக்கு முன் ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடை கணக்கிடப்பட்டது. கடும் உழைப்பு என்ற பெயரில் எதையும் கேள்வியின்றி ஏற்ற பயிற்சிப் பண்பாட்டுக்கு இந்த மூன்று இறப்புகளில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

பையிலிருந்து எடுத்த பந்து

கல்லூரிகளுக்கு வெளியே, ஒலிம்பிக்கில் ஆடப்படும் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் விதிகள் எதிர்த்திசையில் போயின. 2005 முதல் ஓர் ஆட்டம் இரண்டு நிமிடச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்றில் இரண்டு சுற்றுகளை வென்றவர் வெற்றியாளர். ஒரு சுற்று 0–0 என முடிந்தால் நடுவர் பையிலிருந்து ஒரு நிறப்பந்தை எடுப்பார். சிவப்பு வந்தால் சிவப்பு உடைக்காரருக்கு, நீலம் வந்தால் நீலக்காரருக்கு எதிராளியின் காலைப் பிடித்துக்கொண்டு தொடங்கும் சலுகை. காலைக் கையில் பெற்றவரே பெரும்பாலும் சுற்றை வென்றார். இரண்டு நிமிடம் பாயாமல் ஒதுங்கி நின்று, பந்தில் அதிர்ஷ்டம் பார்ப்பது சிலருக்குக் கட்டுப்படியாகும் வழியாயிற்று. ஆண்டுக்கணக்கில் பயின்ற பாய்ச்சலுக்கு ஒரு பந்தின் நிறம் ஈடாக நின்றது.

2013 பிப்ரவரியில் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் செயற்குழு, 2020 ஒலிம்பிக்கின் மைய விளையாட்டுகளிலிருந்து மல்யுத்தத்தை நீக்கப் பரிந்துரைத்தது. பண்டைய கிரேக்க ஒலிம்பிக்கிலேயே இருந்த விளையாட்டு அது. உலகக் கூட்டமைப்பின் தலைவர் பதவி விலகினார். சில மாதங்களில் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. பந்து போயிற்று, சுற்றுகளை வெல்லும் முறையும் போயிற்று. மூன்று நிமிடப் பகுதிகள் இரண்டிலும் எடுத்த புள்ளிகள் கூட்டப்பட்டன. ஃப்ரீஸ்டைலில் 1 புள்ளியாக இருந்த வீழ்த்தல் 2 ஆயிற்று. செயலற்று நிற்பவருக்கு 30 விநாடிக் கெடு விதிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் புவெனஸ் ஐரிஸ் கூட்டத்தில் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது.

இம்மாற்றத்தின் பயனை இந்தியர்கள் நேரில் கண்டனர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் 58 கிலோ பிரிவு வெண்கலப் பதக்க ஆட்டத்தில், கிர்கிஸ்தானின் ஐசுலு தினிபெகோவாவிடம் முதல் பகுதியில் 0–5 என்று பின்தங்கிய சாக்ஷி மாலிக், இரண்டாவது பகுதியில் தொடர்ந்து கால்களைத் தாக்கி 5–5 எனச் சமன் செய்தார். கடைசி விநாடிகளில் இன்னொரு வீழ்த்தல். முடிவு 8–5. இந்தியாவுக்காக ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் மல்யுத்த வீராங்கனை அவரே. திரைப்படங்களில் பார்த்த ஐந்து புள்ளித் தூக்கியெறிதலை எதிர்பார்த்தவர்களுக்கு அது சாதாரண டபுள் லெக் ஆகத் தெரிந்திருக்கும்.

மூன்று புள்ளி

கல்லூரி மல்யுத்தத்தில் இதற்குள் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் முன்னணிக்கு வந்திருந்தது. அதன் பயிற்சியாளர் கேல் சாண்டர்சன், கல்லூரி நாட்களில் 159 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் தங்கமும் பெற்றவர். எதிராளியின் தலையை ஒரு காலின் மேல் இழுத்து எடையேற்றிவிட்டு, அதே காலின் கணுக்காலைச் சட்டென்று பறிப்பது அவருக்குப் பேர் தந்த பிடி. 2009இல் பொறுப்பேற்ற அவருடைய அணி, 2011 முதல் 2025 வரை 12 தேசியப் பட்டங்கள் வென்றது. முன்னிலை கிடைத்த பிறகும் நிறுத்தாமல் புள்ளி எடுப்பது இந்த அணியின் அடையாளம். அதற்கு அணிக்கணக்கிலும் காரணம் உண்டு. 8 புள்ளி வேறுபாட்டில் வென்றால் அணிக்குக் கூடுதல் மதிப்பெண். 15 வேறுபாடு வந்தால் அதைவிடக் கூடுதல், ஆட்டமும் அங்கேயே முடியும்.

2023–24 பருவத்தில் கல்லூரி விதிகளும் மாறின. வீழ்த்தலின் விலை 2இலிருந்து 3 ஆனது. விடுபடுதல் 1 ஆகவே இருந்தது. ஐந்து முறை வீழ்த்தி ஐந்து முறை எழவிட்டவர் முன்பு 10–5 என்று வென்றிருப்பார், சாதாரண வெற்றி. இப்போது அதே ஆட்டம் 15–5, அணிக்குக் கூடுதல் மதிப்பெண். தொடக்கத்திலேயே ஒரு வீழ்த்தல் வாங்கிவிட்டவர் இரண்டு முறை விடுபட்டும் சமநிலைக்கு வர முடியாது என்று குறை சொன்னவர்களும் இருந்தார்கள். குறை நியாயமானதே. ஆனால் பின்தங்கியவர் பாய்ந்தே தீர வேண்டும் என்பதுதான் விதியை மாற்றியவர்கள் விரும்பியது.

2024இல் ஜான் ஸ்மித் ஓய்வுபெற்றபோது அவருடைய இடத்துக்கு வந்தவர் டேவிட் டெய்லர். சாண்டர்சனிடம் பயின்றவர், டோக்கியோ ஒலிம்பிக் 86 கிலோ இறுதியில் ஈரானின் ஹசன் யஸ்தானியைக் கடைசி விநாடிகளில் எடுத்த டபுள் லெக் மூலம் 4–3 என்று வென்றவர். டோக்கியோவில் 125 கிலோ இறுதியிலும் ஓர் அமெரிக்கர் அப்படியே வென்றார். அவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கேபிள் ஸ்டீவ்சன். கடைசிப் பத்துப் பதின்மூன்று விநாடிகளில் இரண்டு முறை வீழ்த்தி, 5–8 என்ற தோல்வியை 10–8 என்ற வெற்றியாக்கினார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் டான் கேபிளின் நினைவில் வைத்தது.

2025 மார்ச்சில் பிலடெல்பியாவில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியின் உயர் எடைப் பிரிவு இறுதிக்கு ஸ்டீவ்சன் மீண்டும் வந்தார். எதிரே டெய்லரின் மாணவர், ஓக்லகோமா மாநிலத்தின் வயட் ஹெண்ட்ரிக்சன். ஸ்டீவ்சன் 4–2 என்று முன்னிலையில் இருந்தார். ஏறத்தாழ இருபது விநாடிகள் எஞ்சியிருந்தபோது ஹெண்ட்ரிக்சன் ஒலிம்பிக் வாகையரின் கால்களைப் பிடித்தார், தரைக்குக் கொண்டுவந்தார். மூன்று புள்ளி. ஆட்டம் 5–4 என்று முடிந்தது.